சுண்டிக்குளத்தில் எங்களுக்கு ஒரு சனிக்கிழமை தாருங்கள்

சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குப் பொறுப்பானவர்களுக்கும், வடக்கின் சுற்றுலாவைத் திட்டமிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் தர்மபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது கல்லாறு. அப்பா சுண்டிக்குளத்துக் களப்பில், அதாவது கடலோர உப்புநீர்த் தேக்கத்தில், வீச்சுவலை போட்டவர், இறால் விற்ற காசில்தான் எங்கள் மூன்று பேரையும் படிப்பித்தார். இதை முதலே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் களப்பைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு எழுதுகிற ஆள் நான் இல்லை, அந்தச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்று வளர்ந்தவள்.

போன ஓகஸ்ட் விடுமுறையில் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் இருப்பது யூட்டா மாநிலத்தில், சோல்ட் லேக் சிற்றி என்ற ஊரில். பெயரிலேயே உப்பு ஏரி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, 'வாங்கோ, ஒரு தீவு காட்டுறன்' என்று எங்களைக் காரில் ஏற்றினான். அன்டலோப் தீவு. பெரிய உப்பு ஏரியில் உள்ள தீவுகளில் அதுதான் பெரியது, ஏறத்தாழ 24 கிலோமீற்றர் நீளம், முழுவதும் மாநிலப் பூங்கா. அங்கே போய்வந்த ஒரு நாளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன், ஆனால் கேட்கப்போவது எங்கள் களப்பைப் பற்றி.

தீவுக்குப் போக ஏரிக்குள்ளால் 11 கிலோமீற்றருக்கு ஒரு வீதி போட்டிருக்கிறார்கள். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிய நடுவில் வீதி ஓடுமே, அதுதான், ஆனால் முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. பாதி வழியில் தம்பி கண்ணாடியை இறக்கினான். அழுகின பாசி, உப்புச் சேறு, செத்த கூனி எல்லாம் கலந்த மணம் ஒன்று உள்ளே வந்தது. தம்பியின் மனைவி மூக்கைப் பொத்தினாள், மகன் 'மாமா, மூடுங்கோ' என்று கத்தினான். பின்னால் இருந்த அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிள்ளை, இது எங்கட களப்பு மணமெல்லோ" என்றார். அப்பா செத்த பிறகு அம்மா களப்புக்கரைப் பக்கம் போனதே இல்லை. அவருடைய முகத்தை அந்த நேரம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா சொன்னது சரிதான். அந்த ஏரிக்கு வெபர், ஜோர்டான், பெயார் (Bear) என்று மூன்று ஆறுகள் தண்ணீர் கொண்டுவருகின்றன, வெளியே போக ஒரு வழியும் இல்லை. வெயில் தண்ணீரைக் குடிக்கிறது, உப்பு மிஞ்சுகிறது. சராசரி ஆழம் நாலைந்து மீற்றர்தான். எங்கள் களப்புக்குக் கடல் பக்கத்தில் இருப்பதால் கதை கொஞ்சம் வேறு, ஆனாலும் மாரியில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கனகராயன் ஆறு கண்டாவளைப் பக்கத்தை எல்லாம் மூடிக்கொண்டு வந்து விழும்போது நிரம்பி, கோடையில் வற்றி, உப்புப் பூத்து, வெடித்துக் கிடக்கும் நிலம் எங்களுடையதும்தானே.

கரையில் இறங்கினோம். ஏரி பின்வாங்கிப் போயிருப்பதால் தண்ணீரைத் தொட வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. மணலை அள்ளி விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தேன். எங்கள் கடற்கரை மணல் போல முனை முனையாக இல்லை, கடுகிலும் சிறிய உருண்டைகள், முத்து மாதிரி. ஒரு துணிக்கையைச் சுற்றிச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து உருண்டையாகிற மணல் என்று அங்கே ஒரு பலகையில் எழுதியிருந்தார்கள். தண்ணீர் விளிம்பில் கறுப்பாக ஒரு பாய் விரித்தது போலக் கிடந்தது. மகன் அதற்குள் காலை வைத்ததும் பாய் அப்படியே எழும்பி, இரண்டாகப் பிரிந்து வழி விட்டு, அவன் போன பிறகு திரும்பப் படுத்தது. அத்தனையும் ஈ. கடிக்காத உப்பு ஈ. தண்ணீரைக் கையில் ஏந்தினால் நகக்கண் அளவில் செம்மஞ்சள் நிறத்தில் கூனி நீந்துகிறது. மீன் இல்லாத அந்த ஏரியில் இந்த ஈயையும் கூனியையும் நம்பித்தான் வருடத்துக்கு லட்சக்கணக்கில் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஃபலறோப் என்று ஒரு சின்னக் கரைப்பறவை, உள்ளங்கைக்குள் அடங்கும், அங்கே தின்று கொழுத்துவிட்டுத் தென்னமெரிக்காவின் உப்பு ஏரிகளுக்குப் பறக்கிறதாம். ஒரு உப்பேரியில் இருந்து இன்னொரு உப்பேரிக்கு. வடக்கே இருந்து கார்த்திகை மார்கழியில் எங்களிடம் வருகிற ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் இப்படித்தானே, சேறு சேறாகப் பார்த்து இறங்கி வருகின்றன.

தண்ணீரில் மல்லாந்து படுத்தால் மிதக்கிறது, முழங்கால் தானாக மேலே வருகிறது. வெளியே வந்து காய்ந்ததும் மகனின் காலில் வெள்ளையாக உப்பு. கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சுத்தமான மலசலகூடம், நிழலுக்கு ஒரு கூரை, நாலு மேசை. நாங்கள் அதில் இருந்துதான் புட்டைச் சாப்பிட்டோம். இவ்வளவுதான். ஹோட்டல் இல்லை, ராட்டினம் இல்லை, பாட்டுப் பெட்டி இல்லை. நான் கவனித்துப் பார்த்தேன், அந்த இடத்தில் மனிதர் கட்டி வைத்தவற்றில் முக்கால்வாசி எங்கள் பிரதேசத்து மேசன்மார் ஒரு மாதத்தில் கட்டி முடிக்கக்கூடியவை.

மத்தியானம் தீவின் மறுபக்கம் போனோம். வழியில் கார்கள் வரிசையாக நின்றன. காட்டெருமைகள், பைசன் என்பார்கள், வீதியைக் கடந்துகொண்டிருந்தன. எங்கள் எருமையைவிட உயரம், முன்பக்கம் மலை மாதிரி, கழுத்தில் கம்பளி. ஒரு நாம்பன் எங்கள் கார்க் கதவுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று மூச்சு விட்டது, கண்ணாடியில் ஆவி படிந்தது. 1893 இல் 12 பைசன்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுவந்து அந்தத் தீவில் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஐந்நூறுக்கு மேல். வருடா வருடம் ஒக்ரோபர் கடைசியில் குதிரையில் போய் எல்லாவற்றையும் ஒரு பட்டிக்குள் வளைத்து, ஊசி போட்டு, புல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவை விட்டுவிட்டு மிச்சத்தை ஏலத்தில் விற்கிறார்கள். சனம் அதைப் பார்க்கவே போகிறது. அம்மா உடனே, 'அப்பு குழுமாடு பிடிக்கப் போன கதை மாதிரி' என்றார். குழுமாடு என்றால் காட்டுமாடு. வன்னிக்காட்டில் வார்க்கயிறோடு குழுமாடு பிடிக்கப் போன ஆட்களின் கதை எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

எனக்கு மனதில் நின்றது மாடு இல்லை, ஒரு வீடு. தீவின் கிழக்குக் கரையில் 1848 இல் கட்டிய பண்ணைவீடு ஒன்று இருக்கிறது. சுடாத மண்கல்லில் கட்டியது. 1981 வரை அதில் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். பூங்காவுக்காக அரசு தீவை வாங்கிய பிறகு வீட்டை இடிக்கவில்லை, பூட்டவும் இல்லை. அடுப்பு, தண்ணீர் ஊறுகிற இடத்தில் கட்டிய குளிர்ச்சியான பால்வீடு, குதிரைச் சேணம், செம்மறி மயிர் கத்தரிக்கிற கொட்டில் எல்லாம் அப்படியே. உப்பு ஏரிக்கு நடுவில் நன்னீர் ஊற்று! அந்த ஊற்றை நம்பித்தான் மனிதர் அங்கே இருந்திருக்கிறார்கள் என்று ஒரு வயதான தொண்டர் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே வந்து நின்றார். எங்கள் மண்வீடும் இப்படித்தான் இருந்தது. 2009 தை மாதம் விட்டுவிட்டுப் போனோம், திரும்பி வந்தபோது அத்திவாரம்கூட இல்லை.

சரி, இனி எங்கள் பக்கம்.

சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமானது. 2015 ஜூன் 22 ஆம் திகதி தேசியப் பூங்காவாக உயர்ந்தது, நெடுந்தீவு, மடு வீதி, இராமர் பாலம் ஆகியவற்றோடு ஒரே நாளில். பரப்பு 19,565 ஹெக்டேயர். அதாவது 195 சதுர கிலோமீற்றருக்கு மேல். அன்டலோப் தீவு முழுவதையும் அளந்தாலே ஏறத்தாழ 110 சதுர கிலோமீற்றர்தான் வரும். எங்களுடையது பெரியது. இந்தக் கணக்கை என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன், அவர்கள் நம்பவில்லை, திரும்பக் கூட்டச் சொன்னார்கள்.

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் நுவரெலியா, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, கூடிப்போனால் திருகோணமலை. தங்கள் வீட்டில் இருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு தேசியப் பூங்கா இருப்பது எல்லைக்கல்லாகத்தான் அவர்களுக்குத் தெரியும். சரணாலயம் என்றிருந்தபோது சனம் உள்ளே போய்வரலாம். தேசியப் பூங்கா என்றால் அனுமதி இல்லாமல் காலடி வைக்க முடியாது, அது சட்டம், எனக்கு விளங்குகிறது. ஆனால் சட்டம் பூட்டுப் போட்ட பிறகு படலையை எங்கே வைத்திருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

இந்த வருடம் தை மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரை ஒரு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அனுமதி பற்றிக் கேட்க எனக்குக் கிடைத்த இலக்கத்துக்கு ஒரு கிழமையாக எடுத்தேன், பதில் இல்லை. அதனால் எல்லைக்கு வெளியே வீதியோரம் நின்று பார்ப்பது என்று முடிவெடுத்தோம். எது எல்லை என்று காட்ட ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. ஒருவர் இதால் போகலாம் என்றார், இன்னொருவர் கூடாது என்றார். அப்படி நின்றபோதுதான் ஒரு பிள்ளை, "டீச்சர், அங்க யாரோ உடுப்புக் காயப்போட்டிருக்கினம், ரோஸ் கலர்" என்றாள். களப்புக்கு நடுவில் நீளமாக ஒரு கோடு. நான் வாயைத் திறக்க முதல் அந்தக் கோடு எழும்பிப் பறந்தது. செட்டையின் உள்பக்கம் சிவப்பும் கறுப்புமாக, ஒன்றன் பின் ஒன்றாக, பூநாரை. 32 பிள்ளைகளும் மூச்சுக்கூட விடவில்லை. நான் பத்து வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறேன், என் வகுப்பு ஒருநாளும் அப்படி அமைதியாக இருந்தது இல்லை.

பதினொரு மணிக்குத் திரும்பிவிட்டோம். ஏன் தெரியுமா? பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மலசலகூடம் இல்லை. குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் முடிந்துவிட்டது. ஒதுங்கி நிற்க ஒரு நிழல் இல்லை. பூநாரை அங்கேதான் இருந்தது, நாங்கள்தான் நிற்க முடியாமல் வந்தோம்.

நான் யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. உங்களிடம் ஆளும் காசும் குறைவு என்று ஊகிக்கிறேன், யுத்தத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் கண்ணிவெடி எடுக்கவே எத்தனை வருடம் போனது என்று எங்களுக்குத் தெரியும். அவர்களும் ஒரேயடியாகச் செய்துவிடவில்லை. 1969 இல் தீவின் வடக்கு முனையை மட்டும் பூங்காவாக்கி, 1981 இல் மிச்சத்தை வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 1983 இல் ஏரி பெருகி அந்த 11 கிலோமீற்றர் வீதியும் தண்ணீருக்குள் போய், 1993 இல்தான் திரும்பத் திறந்தது. பத்து வருடம் போனது, ஆனால் திறந்தார்கள்.

நாங்கள் கேட்பது சின்ன விஷயம். பறவை இருக்கிற மாதங்களில், ஐப்பசியில் இருந்து பங்குனி வரை, சனிக்கிழமைகளில் மட்டும் சரி, ஓர் இடத்தைத் திறந்துவிடுங்கள். களப்பு முழுவதும் வேண்டாம், ஒரே ஓர் இடம். அங்கே வயலில் காவலுக்குப் போடுவோமே, அந்த மாதிரிப் பரண் ஒன்று, உயரமாக, பத்துப் பிள்ளைகள் ஏறக்கூடிய மாதிரி. கிடுகுக் கூரை போதும், அதுதான் குளிர்ச்சியும். ஒரு தண்ணீர்த் தாங்கி, இரண்டு மலசலகூடம். எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று தமிழில் ஒழுங்காக எழுதிய ஒரு பலகை. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதித்தர நாங்கள் ஆசிரியர்கள் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம். பரந்தனில் இருந்து காலை ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். ஹோட்டலும் நீர் ஸ்கூட்டரும் தயவுசெய்து வேண்டவே வேண்டாம், ஒரு இரைச்சலுக்கு அந்த ரோஸ் கோடு முழுவதும் மன்னார்ப் பக்கம் போய்விடும்.

பரணில் நின்று சொல்லிக்கொடுக்க ஆளை வெளியில் தேடாதீர்கள். கல்லாற்றிலும் சுண்டிக்குளத்திலும் களப்பைத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இறால் எந்தப் பக்கம் என்று அப்பா சொல்லுவார், கொக்கு எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் வலை வீசுவார். அந்த மாதிரி மனிதர்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து ஒரு தொலைநோக்கியும் கொடுங்கள். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. பூங்கா என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனம் பயப்படுகிறது. 2017 இல் நந்திக்கடலையும் நாயாற்றையும் இயற்கை ஒதுக்கிடங்கள் என்று வர்த்தமானியில் போட்டபோது முல்லைத்தீவில் எழுந்த எதிர்ப்பை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்கள் பறவைக்கு எதிரானவர்கள் இல்லை. கல் நட வந்தவர்கள் தங்களோடு இருந்து கதைக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய மனவருத்தம். எல்லை எது, மீன்பிடி எதுவரை, மாடு தரவையில் எதுவரை மேயலாம் என்ற வரைபடத்தைப் பிரதேச செயலகத்திலும் ஒவ்வொரு கிராம அலுவலரிடமும் தமிழில் தொங்கவிடுங்கள். தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்று, இது கொஞ்சம் பெரிய விஷயம். அந்த ஏரியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்த இடமும் உண்டு. தீவில் ஒரு படகுத் துறை இருக்கிறது, படகு இல்லை. தண்ணீர் இறங்கியதால் படகுகளைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியதாகிவிட்டது. 2022 இல்தான், அளக்கத் தொடங்கிய 1847 முதல் பார்த்தால், ஏரி மிகக் கீழே போனது. ஆற்றுத் தண்ணீரை வயலுக்கும் ஊருக்கும் மறித்து எடுத்ததுதான் பெரிய காரணம், வறட்சியும் சேர்ந்துகொண்டது. காய்ந்த அடித்தளத்தில் இருந்து தூசி எழும்பி நகரத்துக்குள் போகிறது. 1959 இல் ஏரியின் குறுக்கே ரயிலுக்குப் போட்ட கல்லணை ஏரியை இரண்டாகப் பிரித்ததில், வடக்குப் பக்கம் உப்பு ஏறி ஏறி இளஞ்சிவப்பாகவே மாறிவிட்டது. எங்களுக்கு இது புதுக்கதையா? யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் போட்ட திட்டம் ஆனையிறவுக் களப்பை நன்னீராக்க நினைத்தது, சுண்டிக்குளத்தில் அணையும் கட்டினார்கள், வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போனது. குடிதண்ணீருக்குப் படுகிற பாடு எனக்குத் தெரியும், நல்ல எண்ணத்தில்தான் அந்தத் திட்டம் வந்தது என்பதும் தெரியும். ஆனால் இனி யாராவது இந்தக் களப்பில் ஒரு வீதியோ அணையோ மதகோ போட வந்தால், பேனாவை எடுக்க முதல் மாரியிலும் கோடையிலும் ஒவ்வொரு தடவை வந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்க்கட்டும். காட்டித்தர எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது.

அம்மா ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டார், அந்த மண்வீட்டை வைத்திருக்கிற மாதிரி இங்கேயும் மீன்பிடிகாரர் தங்குகிற ஒரு வாடியைக் கட்டி, வலையும் பறியும் தூக்கி வைத்தால் என்ன என்று. அப்பாவின் வீச்சுவலை இன்னும் வீட்டுக் கூரையில் இருக்கிறது, ஈயக் குண்டுகள் கொஞ்சம் போய்விட்டன. பரணுக்குப் பக்கத்தில் வாடி போட்டால் அதைத் தருவேன் என்கிறார். இதையும் உங்கள் கவனத்துக்கு எழுதிவைக்கச் சொன்னார்.

வரும் மாரி தொடங்க இன்னும் சில மாதம் இருக்கிறது. அடுத்த வருடம் என் வகுப்புக்கு 34 பிள்ளைகள் வருகிறார்கள். நீங்கள் எந்தச் சனிக்கிழமை சொன்னாலும் கூட்டிக்கொண்டு வருவேன், பள்ளிக்கூட அதிபரிடம் ஏற்கனவே கதைத்துவிட்டேன். மாசி கழிந்து சொன்னால் மட்டும் பிரயோசனம் இல்லை, பறவைகள் ஒவ்வொன்றாகப் புறப்படத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
கல்லாற்றில் பிறந்த ஓர் ஆசிரியை